பாதியில் நின்ற கை

மலேசியாவின் பகாவ் பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அச்சுக்கடையில் ஆக்னஸ் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள். கல்யாண அட்டை, திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத்துப் பேனர் என்று எது வந்தாலும் அவள் கைதான் பட வேண்டும். வாடிக்கைக்காரர்கள் சிலர் முதலாளியிடம் பேசுவதே இல்லை. நேரே அவள் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

தொண்ணூற்றெட்டில் சிரம்பானிலிருந்து பெண்கள் சங்கத்தார் இரண்டு பேர் அவளைத் தேடி வந்தார்கள். தோட்டங்களில் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்களுக்காக ஐந்து நிமிஷக் கார்ட்டூன் படம் ஒன்று எடுக்கப் போகிறார்களாம். கையுறையும் முகமூடியும் ஏன் வேண்டும் என்று சொல்லும் படம். ஆக்னஸ் வரைந்து கொடுத்தால் போதும், அதை அசைய வைக்க சிரம்பானில் மெய்யப்பன் என்று ஒருவர் இருக்கிறார் என்றார்கள்.

யாரை வரைவது என்று ஆக்னஸ் யோசிக்கவே இல்லை. அவள் அண்ணன் ஆம்புரோஸ், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான். அவன் மனைவி சூசையம்மாள் அதே தோட்டத்தில் பல வருஷமாக மருந்தடிக்கிறாள். மூவருக்கும் தோட்டத்திலேயே ஒரே லைன் வீடு. முதுகில் மருந்து டாங்கி, தலையில் துண்டு, முழங்கால் வரை பூட்ஸ் என்று அண்ணி விடிகாலையில் கிளம்பிப் போகிற கோலத்தை ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டே வரைவாள். ஆனாலும் இந்தப் படத்துக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். கன்னத்தில் வெயில் பட்ட பக்கம் மெல்ல மெல்லக் கறுப்பதற்கு ஒரு வண்ணக் கலவை, டாங்கியின் மேல் 'விஷம்' என்று தமிழில் எழுத்து, சட்டையில் மருந்துக் கறை. முடித்ததும் டிஸ்க்கில் போட்டு எடுத்துக்கொண்டு சிரம்பான் பஸ் ஏறினாள்.

மெய்யப்பனின் ஸ்டூடியோ அவன் அப்பாவின் துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முப்பது வயதிருக்கும், அமைதியானவன். அவன் டிஸ்க்கைப் போட்டு, அனிமேஷன் புரோகிராமுக்குள் படத்தைக் கொண்டுவந்தான். திரையில் வந்ததைப் பார்த்து ஆக்னஸுக்கு முகம் செத்துவிட்டது.

கன்னத்து நிழல் வரிவரியாகப் பிளந்து, யாரோ முகத்தைச் சீவி அடுக்கி வைத்தது போல் இருந்தது. 'விஷம்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்து ஏதோ கிடந்தது. மெய்யப்பன் படத்திலிருந்த கையை மவுஸால் பிடித்து நகர்த்தினான். கையோடு தலையும் டாங்கியும் பூட்ஸும் சேர்ந்தே நகர்ந்தன.

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"அங்க நல்லாத்தான் இருக்கும். நீங்க வரைஞ்சது பார்க்குறதுக்கு. எனக்கு வேணுங்கிறது ஆட்டுறதுக்கு. கை தனியா, முழங்கை தனியா, தலை தனியா வரணும். இந்தக் கலவை நிறத்தை என் புரோகிராம் துண்டு துண்டா வெட்டிடும். உங்க தமிழ் எழுத்து என் மெஷின்ல இல்ல, அதான் இப்படி." கொஞ்சம் தயங்கினான். "சிரமம்னா சொல்லுங்க, நானே ஒரு பொண்ணு வரைஞ்சு வச்சிருக்கேன்."

காட்டினான். ஒல்லி இடுப்பு, பெரிய கண், நகப்பூச்சு.

"இந்தப் பொண்ணு ஒரு நாள் டாங்கி தூக்கினா மறுநாள் எழுந்திரிக்காதுலா" என்றாள் ஆக்னஸ். அவன் சிரித்துவிட்டான். "சரி, அப்ப நீங்களே வரைங்க" என்று, எதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு உறுப்பும் தனி அடுக்கில் இருக்க வேண்டும். மேல்கை சட்டைக்குள்ளே உருண்டையாக முடிய வேண்டும். வெட்டினாற்போல முடிந்தால் கை தூக்கும்போது தோளில் ஓட்டை தெரியும். எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டால் எந்த மெஷினிலும் எழுத்து மாறாது.

ஆக்னஸ் திரும்ப வரைய உட்கார்ந்தாள். நிழலை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு ஒரு நிறம், இருட்டுக்கு ஒரு நிறம் என்று முகத்தை இரண்டாகப் பிரித்தாள். அது சுலபமாக வந்தது. தோளில்தான் சிக்கல். கை எந்த இடத்திலிருந்து சுழல்கிறது என்பது எத்தனை முறை வரைந்தும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணியைச் சமையற்கட்டு வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணி, கையை மெதுவா மேல தூக்குங்க. தோள் எங்க மடியுதுன்னு பார்க்கணும்."

சூசையம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே வலது கையைத் தூக்கினாள். ஆக்னஸ் வரைந்துகொண்டாள். "இப்ப அந்தக் கை."

இடது கை தோள் மட்டத்துக்கு வந்ததும் நின்றது.

"இன்னும் தூக்குங்க."

"அவ்ளோதான் வரும்."

விளையாடுகிறாள் என்று நினைத்து ஆக்னஸ் சிரித்தபடி அந்தக் கையைப் பிடித்து மேலே தள்ளினாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்தாள். நெற்றியில் குப்பென்று வியர்வை பூத்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நாளா? போ புள்ள. அந்தக் கையாலதானே நாளெல்லாம் பம்பு அடிக்கிறேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவரு பார்த்தாரா என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனா சிக் லீவு கொடுப்பான், வேலை வாங்குற மண்டோர் என் இடத்துல வேற ஆளைப் போட்டுருவாரு. நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இந்த உடம்பை இரண்டு வாரமாக வரைந்தும் தான் பார்க்கவில்லையே என்று ஆக்னஸ் தன்னையே நொந்துகொண்டாள். சுழலும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அந்தக் கை எதுவரை உயரும் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

அடுத்த முறை சிரம்பானில் எல்லாம் ஒழுங்காக உள்ளே வந்தது. அடுக்குகள் அதது அதன் இடத்தில் நின்றன. 'விஷம்' விஷமாகவே இருந்தது. மெய்யப்பன் தலையைத் திருப்பினான். தலை மட்டும் திரும்பியது. "அழகா பிரிச்சிருக்கீங்க" என்றவன், அவள் போட்டிருந்த கோடு வரைக்கும் இடது கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது.

"இது தப்பா வருது. கோடு போடுறப்ப மாறிப்போச்சா? நான் சரி பண்ணிடுறேன்."

"தப்பு இல்ல. அந்தக் கை அவ்ளோதான் தூக்கும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஆக்னஸ் சமையற்கட்டு வாசலில் நடந்ததைச் சொன்னாள். அவன் திரையில் கையைக் கீழே இறக்கி, மறுபடி தூக்கி, நின்ற இடத்திலேயே விட்டான். பிறகு, "படத்துல இவங்க வீட்டுக்கு வந்து கொடியில துணி காயப்போடட்டுமே" என்றான். "கைக்கு எட்டாம இருக்கட்டும்." அப்படி ஒரு காட்சி கதையில் இல்லை. சங்கத்தாரிடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டபின் சேர்த்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் டிவியை வைத்துப் படம் போட்டார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். திரையில் பூட்ஸோடு அந்தப் பெண் நடந்து வந்ததும், "ஐயோ, நம்ம சூசை!" என்று ஒரே சிரிப்பு. சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையுறையும் முகமூடியும் வந்தபோது கசகசவென்று பேச்சு. துணி காயப்போடும் காட்சி வந்தது. கை பாதியில் நின்றது. அவள் குதிகாலை உயர்த்திப் பார்த்தாள், எட்டவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

சுவரோரம் இருந்த மயிலம்மாள் மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் தோளோடு நின்றது. "எனக்கு மட்டும்னு நினைச்சேன்" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி தூக்கினாள். பின்னால் நின்ற ஆம்புரோஸ் அவர்களைப் பார்க்கவில்லை, தன் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணியிடம் சொல்லாமல் செய்துவிட்டோமே என்று ஆக்னஸுக்குப் பயம். வீட்டுக்கு நடக்கும்போது, "கோவமா, அண்ணி?" என்று கேட்டாள்.

"கோவம் இருக்கு. என் மூக்கு அவ்ளோ பெருசா?" என்றாள் சூசையம்மாள். கொஞ்ச தூரம் நடந்தபின், "மயிலு ரெண்டு வருஷமா என் பக்கத்துலதான் மருந்தடிக்கிறா. அவளும் சொல்லல, நானும் சொல்லல" என்றாள்.

மறு வாரம் மயிலம்மாளும் அவளும் வேறு மூன்று பேரும் சேர்ந்து தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய் நின்றார்கள். ஒருத்தியாய்ப் போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ, ஐந்து பேராய்ப் போனதால் அவர் மேனேஜரிடம் எழுதிப் போட்டார். கையுறைகள் வந்தன. கை முடியாதவர்களை கன்று வளர்க்கும் நாற்றுமேட்டு வேலைக்கு மாற்றினார்கள். ஆம்புரோஸ் லீவு போட்டு மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். தோள் இறுகிப்போயிருக்கிறது, தினமும் விரல்களைச் சுவரில் ஏற்றிப் பழகினால் மெல்ல இளகும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து காலையில் தேத்தண்ணி கொதிக்கும்போது அண்ணி சமையற்கட்டுச் சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே ஏற்றுவாள். பக்கத்தில் நின்று ஆம்புரோஸ், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பான். "நீங்க வேலைக்குப் போங்க முதல்ல" என்று அவள் திட்டுவாள். விரல்கள் மட்டும் இறங்காமல் ஏறிக்கொண்டிருக்கும்.