சாலம்மாளுக்குப் படித்த கடிதங்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். கதை எழுதுகிறவன் பொய் சொல்வதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இது அந்த வகைப் பொய் இல்லை. சாலம்மாள் என்ற பெண்ணுக்கு வந்த கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளை எதிரே உட்காரவைத்து, அதில் இல்லாததைப் படித்துக் காட்டினேன். அது போன வைகாசியில். இப்போது ஐப்பசி.

இந்த நிமிஷம் அவள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அதே கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்கிறாள். "எங்கியோ வச்சுட்டேன் அம்மிணி, தேடி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே வந்தேன். கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை எடுக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

பரமத்தி வேலூருக்கு அருகே, காவிரி வாய்க்கால் பாயும் கிராமம் ஒன்றில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு—

(பத்திரிகைக்கு அனுப்புகிற கதை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

ரங்கூனில் லாரி ஓட்டிய அப்புசாமி தன் மனைவி சாலம்மாளை—

(அவனை முதலில் கொண்டுவந்தால், அவன் இப்போது எங்கே என்று உடனே சொல்ல வேண்டிவரும். அதற்குத் தைரியம் வரவில்லை.)

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதில் நான் பொய் சொல்ல வழியில்லை.

3

போன கார்த்திகையில் சாலம்மாள் ரங்கூனுக்குக் கப்பலேற இருந்தாள். நல்ல நாள் முந்தி வந்துவிட்டது, கப்பல் பிந்தி வந்தது. அப்படி நேர்ந்தால், நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். வைத்த பெட்டி நேரே வண்டியில்தான் ஏற வேண்டும். வீட்டுக்குத் திரும்பினால் பயணம் முறிந்தது என்று அர்த்தம்.*

பச்சை வர்ணம் அடித்த அந்தத் தகரப்பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பெருமாயி வாங்கி வைத்தாள். மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது. பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

* நான் வாழப்பாடிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன். எங்களுக்கு எங்கே பயணம், எங்கே பரஸ்தானம். இந்த ஊருக்கு வாத்தியாராக வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஊர்த் தபாலும் என் பொறுப்பு. அதனால்தான் இத்தனையும் நடந்தது.

4

கடிதம் அஸ்ஸாமில் ஒரு முகாமிலிருந்து வந்தது. அப்புசாமியோடு லாரி ஓட்டிய வீரன் யாரையோ கொண்டு எழுதியிருந்தான். உள்ளதை உள்ளபடி தருகிறேன்:

"அண்ணிக்கு வீரன் எழுதிக்கொண்டது. நாங்கள் பதினொரு பேர் ரங்கூனிலிருந்து நடந்து புறப்பட்டோம். மலைவழியில் அண்ணனுக்குப் பேதி கண்டது. இரண்டு நாள் தூக்கி வந்தோம். மூன்றாம் நாள் எங்களுக்கும் முடியவில்லை. மூங்கில் புதர் நிழலில் படுக்கவைத்து, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம். அப்போது மூச்சு இருந்தது. மன்னிக்கவும்."

இதைப் படிக்கச் சொல்லித்தான் அவள் வந்து உட்கார்ந்தாள். மூச்சு இருந்தது என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. செத்தான் என்று எழுதியிருந்தால் படித்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

"என்னங்க எழுதீருக்குது?" என்றாள்.

"காய்ச்சலாம். முகாம்ல இருக்காராம். ரயில்ல எடம் கெடைச்சதும் வருவாராம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுவரைக்கும் கூரையைச் சரி பண்ணி வைக்கச் சொல்றாரு" என்று சேர்த்தேன்.

கூரை ஒழுகுவது ஊருக்கே தெரியும். ஊரை விட்டுப் போகிறவள் ஓடு மாற்றுவாளா? இரண்டு மழைக்காலமாக அப்படியே விட்டிருந்தாள்.

(வெளியே இருமுகிறாள். "கெடச்சுதுங்களா?" என்று கேட்கிறாள். "தேடறேன் அம்மிணி" என்றேன்.)

5

பத்து நாளில் கூரை முடிந்தது. அவளே ஏணியில் ஏறி ஓடு எடுத்துக் கொடுத்தாள். முடித்துவிட்டு வந்து, அப்புசாமிக்குப் பதில் எழுதச் சொன்னாள்: "கூரை ஆச்சு. அடுத்தது என்ன?" எழுதிக்கொண்டேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது? அந்தப் பதில் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அடுத்தது என்ன என்று கேட்டுவிட்டாளே. எழுத உட்கார்ந்தேன். கோடு போட்ட தாளில், அடித்துத் திருத்தி, அப்புசாமியின் பேச்சு எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதி, அவனிடமிருந்து வந்ததாக அவளுக்குப் படித்தேன். அடுப்படிச் சுவரை இடித்து ஜன்னல் வைத்துக் கட்டச் சொன்னேன். கட்டினாள். கிணற்றடியில் துவைகல் போட்டு, கழிவுத் தண்ணீரை வாழைக்குத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள். வாழை நன்றாக வந்தது.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், வெட்கமாக இருந்தாலும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் அனுப்பிய கதைகள் எல்லாம் தபாலில் திரும்பி வந்தவை. இந்த ஒன்று மட்டும் சுவராக எழும்பி நின்றது. சாயங்காலம் அந்தத் தெருவழியாக நடந்துபோய், நான் எழுதிய ஜன்னலை நின்று பார்த்துவிட்டு வருவேன். ஒருவனை மூங்கில் புதரில் போட்டுவிட்டு வந்த செய்தி என் மேசைக்குள் கிடக்கும்போது, இப்படி ஒரு பெருமை. என்னை நீங்கள் திட்டலாம்.

6

ஆடியில் பேராசை வந்தது. வாய்க்காலை ஒட்டிக் கிடந்த அவர்களுடைய துண்டு நிலத்தில் வெற்றிலைக் கொடிக்கால் போடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். "ஆடிப் பதினெட்டன்று அகத்தியும் கொடியும் சேர்த்து நட்டுவிடு. நாள் நல்ல நாள்" என்று முடித்தேன். நல்ல முடிவு என்று நினைத்தேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா படியுங்க" என்றாள். படித்தேன். "சரிங்க" என்று எழுந்து போனாள்.

பதினெட்டாம் பெருக்கன்று அகத்தி விதை மட்டும் போட்டாள்.

"கொடி எங்கம்மா காணோம்?" என்று கேட்டேன்.

"வரட்டுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பதில் கடிதம் எழுதச் சொல்லி அவள் வரவில்லை. தோட்ட வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அகத்தி இடுப்பளவு எழுந்து நிழல் கட்டின பிறகு, என்னிடம் சொல்லாமலே கொடி நட்டாள்.

7

இன்று காலை நடந்தது இது. இதற்குத் தொடக்கம் யோசிக்க வேண்டிய அவசியமில்லை.

பெருமாயியின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. பெருமாயி பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, "நானென்ன பண்ணட்டும் அம்மிணி, வேற எங்காச்சும் வெய்யி, இல்லீனா உங்கூட்டுக்கே கொண்டுபோ" என்றிருக்கிறாள். சாலம்மாள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நேரே இங்கே வந்தாள்.

"மொதல்ல வந்த கடுதாசியப் படியுங்க."

"அதுதான் அன்னைக்கே படிச்சேனே."

"ஏனுங்க வாத்தியாருங்களே, எங்கூட்டுக்காரரு கொடிக்கால்ல பொறந்தவருங்க. அகத்தி எந்திரிக்காம கொடி நட்டா வெய்யில்ல கருகிப்போயிரும். அதை அவரு தூக்கத்துலகூடச் சொல்லமாட்டாருங்க."

பிறகு கேட்டேன்: "ஆடியிலேயே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. "கேட்டா அன்னைக்கே சொல்லிப்போடுவீங்க. கருமாதி, காரியம்னு சனம் வந்து நெறையும். கெணத்தடி வேல பாதியில நின்னுச்சுங்க. கொடி நடவேண்டி இருந்துச்சு. ஒவ்வொண்ணா முடிச்சுப்போட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். இப்ப ஊடு சரியாயிருச்சு. மாத்தாம படியுங்க. பெட்டிய எங்க தூக்கறதுன்னு எனக்குத் தெரியோணும்."

8

முடிவுகள்.

அ. அப்புசாமி மூங்கில் புதரிலிருந்து எழுந்து நடந்து வருகிறான். பெருமாயி வீட்டு வாசலில் இருக்கும் பெட்டியை அவனே தூக்கி—

(என்னால் இதைச் சுலபமாக எழுத முடியும். இரண்டு பக்கம். எழுதினால் அவள் நம்பமாட்டாள்.)

ஆ. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "தொலைந்துவிட்டது, ஆனால் செத்துத்தான் போனான்" என்று சொல்லிவிடுகிறேன். பெட்டி வீட்டுக்குப் போகிறது. காரியம் நடக்கிறது. பிறகு ஒரு நாள், கழுத்தில் ஒன்றுமில்லாமல் கொடிக்காலில் நிற்கும் அவள் எதிரே அப்புசாமி வந்து—

(மூச்சு இருந்தது என்று வீரன் எழுதியிருக்கிறானே. அதை விழுங்க நான் யார்?)

இ. உள்ளபடி படிக்கிறேன். அவள் கேட்பாள்: "அப்பிடீன்னா இருக்காரா, இல்லீங்களா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதமாகப் பதிலில்லாமல்தான் சுவர் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

(எழுந்துவிட்டாள். வாசற்படிக்கு வந்துவிட்டாள்.)

9

என் குரலை அவள் இனி நம்பப்போவதில்லை. நான் கடிதத்தை அப்படியே படித்தாலும், நல்லதைப் படித்தால் பொய் என்பாள், கெட்டதைப் படித்தால் அதுவும் நான் எழுதியதோ என்று சந்தேகப்படுவாள். வேறொருவர் வாயிலிருந்து வர வேண்டும். இந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கடிதம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும், நான்காம் பகுதியைப் படித்துவிட்ட நீங்களும்.

தாளை உங்களிடம் கொடுக்கிறேன். அவள் நேரே உங்களைப் பார்க்கிறாள். சுருக்கிப் படிக்காதீர்கள். "மன்னிக்கவும்" என்பதற்கு முந்தின வரியில் குரல் நடுங்கினால் ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளுங்கள், அவள் பொறுப்பாள்.

"நீங்க படியுங்க சாமி" என்கிறாள், உங்களிடம்.