அழுத்தக்காரி

என் தம்பி ஜூஸ் கடைக்காரன். யாருக்குத் தலை சுற்றினாலும் அவன் கை தானாக மிக்ஸியிடம் போகும். மகளுக்கும் அதைத்தான் செய்தான். தாய்ப்பால் குடித்தவரை கொழுகொழுவென்று இருந்தவள், ஜூஸ் ஊட்ட ஆரம்பித்ததும் வாந்தி எடுத்தாள், வேர்த்து ஊற்றித் துவண்டாள். துவண்டால் தெம்புக்கு இன்னும் கொஞ்சம் ஜூஸ். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். "அழுத்தக்காரி" என்று கொஞ்சியபடியே கன்னத்தை அமுக்கி ஊட்டிவிடுவான். முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விட்டாள். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஏன் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது கைக்குழந்தையாக ஒரு பையன். மூத்தவள் கதையைக் கேட்டுச் சந்தேகப்பட்ட டாக்டரம்மா, அவன் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டதால், முடிவு கேட்க நான் போனேன்.

"கல்லீரல்ல ஆல்டோலேஸ் பி-ன்னு ஒரு நொதி இருக்கும்மா. பழத்துல, சர்க்கரையில இருக்கிற ஃப்ரக்டோஸை அதுதான் உடைக்கணும். இவனுக்கு அது வேலை செய்யல. பழம், தேன், சர்க்கரை எதுவும் வேண்டாம். மத்தபடி நல்லா வளருவான்."

"மருந்து?"

"கொடுக்காம இருக்கிறதுதான் மருந்து."

"அப்போ மூத்தவளுக்கும் இதேதானா?"

டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். இதைத் தம்பியிடம் சொல்லவே கூடாது என்று வழியெல்லாம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"சின்னவனுக்கு ஜூஸ் கொடுக்காதேடா. சளி பிடிக்கும்."

"வெதுவெதுப்பா கொடுத்தா பிடிக்காதுக்கா. அவனுக்குன்னு நல்ல மாதுளையா எடுத்து வச்சிருக்கேன்."

வயிற்றுக்கு ஆகாது என்றேன். அதற்கும் ஒரு பழம் வைத்திருந்தான். ஜூஸ் விஷயத்தில் அவனிடம் யார் வாய் கொடுத்து ஜெயிப்பது? நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஊட்டிவிடுவான். வேறு வழியே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

மிக்ஸியை நிறுத்தினான். மாதுளைச் சாறு படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தெம்புக்குன்னுதானேக்கா கொடுத்தேன்."

"உனக்கு எப்படிடா தெரியும்? அன்னைக்கு டாக்டருங்களுக்கே தெரியல."

துணியைக் கீழே வைத்தான். பிறகு, "அவளுக்குத் தெரிஞ்சிருக்கேக்கா," என்றான். "வாயைத் திறக்கவே மாட்டாளே."