இடம் காட்ட ஆள் இல்லை

அன்று அத்தா நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சன்னலோரம் நின்றதாகத்தான் பல வருடங்களாக நினைத்திருந்தேன். நாற்காலியை விட்டு அவர் எழவே இல்லை என்கிறாள் அம்மா. அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். பேச்சு மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அல்லது அப்படி நம்புகிறேன்.

இரண்டாயிரத்து இரண்டு, தீபாவளி சீசன். சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அத்தா, என் தகப்பனார் அப்துல் ஹலீம், இருபது வருடத்துக்கு மேல் ஜமாஅத் தலைவர். நெஞ்சுவலி வந்த பிறகு விலகினார். அவருடைய தம்பி, என் சின்னத்தா அப்துல் ஹக்கீம், தலைவரானார். எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டாம் என்று பள்ளிவாசல், மதரஸா, கடைகள், கபர்ஸ்தான் என நான்கு கமிட்டிகள் பிரித்தார்கள். முதல் மூன்றுக்கு ஆள் கிடைத்தது. கபர்ஸ்தானுக்கு யாரும் முன்வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தா சாவிக்கொத்தைத் தம்பியிடம் கொடுத்தார். "இனிமே ஜமாஅத்து விசயத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். கேட்டவர்கள் கண் கலங்கினார்களாம்.

எங்கள் கபர்ஸ்தானில் அடக்கம் செய்த இடத்தில் அடையாளக் கல் நடும் வழக்கம் இல்லை. வெகுகாலம் முன்பு தவறான இடத்தில் தோண்டி, வேறொருவருடைய எலும்பு வெளியே வந்து, இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன. அதிலிருந்து தலைவர் நேரில் வந்து நின்று இடம் காட்டினால்தான் மண்வெட்டி இறங்கும்.

அடுத்த வாரம் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. அங்கே வேலை பார்த்த மஹ்ரீன் செத்துப்போனாள். அவளுடைய அம்மா பைரோஜா குடியிருந்தது தாயில்பட்டி என்றாலும், எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவள். பைரோஜாவின் கணவரை முந்தின வருடம்தான் எங்கள் கபர்ஸ்தானில் அடக்கியிருந்தார்கள். மகளை அவர் பக்கத்தில் வைக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். கருகிய உடல், வைத்திருக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வேன் கபர்ஸ்தான் வாசலில் நின்றது. குழி வெட்டும் சுடலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடம் எனக்கே தெரியும்மா. ஒங்க வீட்டுக்காரருக்கு நாந்தான வெட்டுனேன். ஆனா தலைவரு வந்து நிக்கணும். நாளைக்கு ஒரு பேச்சுன்னா என் தலையத்தான உருட்டுவாக?"

"எந்தத் தலைவரு?"

"அதத்தான் நானும் கேக்கேன். பழசா, புதுசா?"

பைரோஜா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "அண்ணே, ஒரு எட்டு வந்து நின்னுட்டுப் போங்க" என்றாள்.

அத்தா தெருப் பக்கம் கையைக் காட்டினார். "தம்பிகிட்டப் போம்மா. மொதக் காரியத்துலயே நான் போய் நின்னா அவன் என்ன தலைவரு? அவனச் சின்னப்படுத்துனதா ஆயிரும்."

சின்னத்தா வீடு அடுத்த தெரு. அவளோடு நானும் போனேன். அவர் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஆனால் வாசல்படி இறங்கவில்லை.

"அண்ணன் இருக்கையில நான் போயி அங்கன நின்னா, எப்படா பதவிய எடுப்போம்னு இருந்தான்னு ஊரு பேசும். மொதத் தடவ அவுக கூட்டிட்டுப் போகணும். அதான் மரியாத. அவுக ஒரு வார்த்த சொல்லட்டும், ஓடி வாரேன்."

திரும்பி வந்து அத்தாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்க மாட்டேன்னு பள்ளிவாசல்ல வச்சுச் சொன்னவன்மா நான். அவன் கூப்பிடட்டும், வாரேன்" என்றார். இரண்டு வீட்டிலும் போன் இருந்தது. நானே சின்னத்தாவுக்குப் போட்டேன். "அத்தாவப் பேசச் சொல்லு" என்று வைத்துவிட்டார். ரிசீவரை அத்தாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

எங்கள் வாசலில் கூடி நின்ற தெருக்காரர்களில் ஒருவர், "அண்ணன் தம்பின்னா இப்படில்ல இருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். மெய்யாகவே புகழ்ந்துதான் சொன்னார்.

பைரோஜா அவரைப் பார்த்தாள். பிறகு அத்தாவைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ரொம்ப மரியாதப்பட்டவுக. நல்லா இருங்க. என் புள்ள நாறுறதுக்குள்ள நான் போறேன்."

கொஞ்ச நேரத்தில் கபர்ஸ்தான் பக்கமிருந்து வேன் திரும்பும் சத்தம் கேட்டது. சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஜமாஅத்தில் எதுவும் கேட்காமல் இடம் கொடுத்தார்கள். அங்கே அடக்கம் முடிந்தபோது இருட்டிவிட்டதாம். அந்தி மக்ரிப் தொழுதுவிட்டு வந்து அத்தா டீ கேட்டார். அம்மா போட்டுக் கொடுத்தாள். குடித்தார். 

கபர்ஸ்தான் கமிட்டியை அந்த மாதமே போட்டார்கள். தாயில்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் ஜமாஅத்திலிருந்து விலகிக்கொண்டன. அத்தா இரண்டு வருடம் கழித்துத் தூக்கத்தில் இறந்தார். சின்னத்தா இன்னும் தலைவராக இருக்கிறார். சுடலை வேலையை விட்டுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். நான் கல்யாணமாகி விருதுநகரில் இருக்கிறேன். பைரோஜா நாரணாபுரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறாள். பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள்.