ஆளுக்கு ரெண்டு

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற ரோட்டில் எங்கள் கிரானைட் பட்டறை இருக்கிறது. முன்பு ஒரே ஷெட். முதலாளிகளான அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுந்தது. ஆளுக்கு ஒரு கிரேன். கிரேனை இயக்குகிற, வயர் இல்லாத ரிமோட் கிரேனுக்கு ரெண்டாக மொத்தம் நாலு. நாலும் ஒரே மாதிரி மஞ்சள் டப்பா. பித்தளைப் பாத்திரம் பிரிக்கிற மாதிரி ஆளுக்கு ரெண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். எது எந்தக் கிரேனுடையது என்று யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் எங்கள் ஷெட்டில் கிரேன் இயக்கும் அர்ஷத் ஒரு கல் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். பாதியில் அது திடீரென்று மேலே ஏறியது, சாய்ந்தது, தூக்கும் பட்டையிலிருந்து நழுவி விழுந்தது. கீழே வேலையாக நின்ற தேவேந்திரனின் வலது பாதம் நசுங்கிப்போனது. அவன் இன்னும் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

இறக்குகிற பட்டனைத்தான் அழுத்தினேன் என்று அர்ஷத் சத்தியம் செய்தான். அண்ணனான எங்கள் முதலாளி இளையபெருமாள் காதில் வாங்கவில்லை. செல்லைப் பார்த்துக்கொண்டே ஏத்திவிட்டான் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். தொழிற்சாலை ஆய்வாளர் வந்தால் சூப்பர்வைசரான நானும் அதையே சொல்ல வேண்டுமாம்.

மறுநாள் காலை அர்ஷத்தின் ரிமோட்டில் பேட்டரியைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டு ஷெட்டுக்குள் வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், தம்பி ஷெட்டில், பேச்சுக் குரல்.

"ஏத்துடா."

"ஏற மாட்டுதுண்ணா."

"நல்லா அமுக்கு."

எங்கள் கிரேன் கொக்கி தானாக மேலே ஏறியது.

"இன்னொரு டப்பாவ எடுடா, எருமை."

கொக்கி நின்றது.

முதலாளியிடம் ஓடினேன். இட்லி தின்றுகொண்டிருந்தவர் ஆச்சரியப்படவே இல்லை. பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்துக் காட்டினார். அது தம்பி கிரேனுடையது. பிரித்த மாதமே அவருக்குத் தெரியுமாம். மாற்றிக்கொள்ளலாமே என்றேன். கிரேன் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு ரெண்டு கிரேனுக்கும் ரகசிய நம்பரையாவது மாற்றலாமே என்றேன்.

"கூப்ட்டா, பயந்துட்டான்னு சொல்லுவான். அவன் மொதல்ல குடுக்கட்டும்."

சில நாள் பொழுது போகாமல் இதை அமுக்கிப் பார்ப்பாராம். அந்தப் பக்கத்து ஆட்கள் அலறிக்கொண்டு ஓடுவது நன்றாகக் கேட்குமாம். சட்னி ஒழுகும் விரலோடு சிரித்தார்.

ஆய்வாளர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கிறுக்கு என்றார் முதலாளி. பேட்டரி இல்லாத ரிமோட்டை ஆய்வாளர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அப்பால், "ஏற மாட்டுதுண்ணா" என்று கேட்டது. எங்கள் கொக்கி ஏறியது. அண்ணாந்து பார்த்த ஆய்வாளர் ரெண்டு ஷெட்டிலும் வேலையை நிறுத்தச் சொன்னார்.

அதன் பிறகுதான் டப்பா மாறியது. அண்ணனும் தம்பியும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகவில்லை. எதிரிலிருந்த ராஜம்மாள் டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொன்றை வைத்து, ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். தங்கள் பங்கு ரெண்டு சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள்.

அர்ஷத்தை வரச் சொல்லு என்று முதலாளி என்னை அனுப்பினார். போய்ச் சொன்னேன்.

"தேவேந்திரன் அண்ணன் காலு எப்டி இருக்குதுன்னு கேட்டாங்களா?"

"ரெண்டு பேருமே கேக்கல."

அர்ஷத் வாசலில் காறித் துப்பினான்.

"அங்க நிமிந்து கொக்கியப் பாத்தாலும் மொதலாளி மூஞ்சிதான் தெரியும். நான் வர்ல சார்."