காதில் போட்டு வைத்த சேதி

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் சுற்றியபடி அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ஒரு இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த பெண் இவளைப் பார்த்து அரைச் சிரிப்பு சிரித்துவிட்டு, அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஃப்ரிட்ஜ் நிற்கிற மூலையை அளந்தாள்.

“நம்ம ஃப்ரிட்ஜ் இங்க உக்காராது போலிருக்கே,” என்றாள் தன் புருஷனிடம்.

“யாரும்மா இவங்க?” என்று இவள் கேட்டாள்.

“வீடு பாக்க வந்திருக்காங்க. நீங்க அடுத்த மாசம் காலி பண்றீங்கல்ல? உங்க வீட்டுக்காரர் போன வாரமே சொன்னாரே!” வீட்டுக்காரம்மாவின் முகம் மெல்ல மாறியது. “ஏன், உனக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும். இன்னிக்கே வருவாங்கன்னு நினைக்கல,” என்று சமாளித்தாள். காது இரண்டும் சுட்டது.

அவர்கள் போன பிறகு கணவன் குளியலறையிலிருந்து வெளியே வந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“காலி பண்றோம்னு சொல்லல. சும்மா காதுல போட்டு வச்சேன்,” என்றான்.

“அந்தம்மா காதுல போட்டீங்க. என் காதுல எப்ப போடறதா இருந்தீங்க?”

மூன்று வாரத்துக்கு முன்புதான் அவனுக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. குடிநீர் வழங்கல் துறையில் பதினோரு வருடமாகப் பம்ப் அறையிலேயே காலம் தள்ளியவன். ஒன்பது மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு சின்ன நகரம். அங்கே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவனைத் தலைவனாகப் போட்டிருந்தார்கள். அன்று மாலை அவன் குழந்தை மாதிரி சிரித்ததைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. “நாம போயிடலாமா?” என்றதற்கு, “பாக்கலாம்” என்றாள். அந்த ஒற்றைப் ‘பாக்கலாம்’ அவன் காதில் ‘சரி’ என்று விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் அவளைக் கேட்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாமியார் போன் செய்தார். “அந்த ஊர்ல காத்து ரொம்ப நல்லா இருக்குமாமே.”

“காத்தை வச்சுக்கிட்டு நான் என்ன அத்தை பண்றது?”

“புருஷன் பொண்டாட்டி ஒரே எடத்துல இருக்கறதுதானே அழகு?” என்றார் மாமியார். அவன் இங்கேயே இருந்துவிட்டாலும் ஒரே இடம்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவளால் சட்டென்று ஊர் மாற முடியாது; வேலை அப்படி. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்கிற ஒரு லேபில் இருந்தாள். கடைவாய்ப் பல்லில் நிறம் கொஞ்சம் பிசகினால் நாக்குக்குக்கூடத் தெரியாது. முன்பல்லில் பிசகினால் தெருவுக்கே தெரியும். அதனால் முன்பல் என்றாலே அவள் மேசைக்குத்தான் வரும். லேபில் எல்லோருக்கும் அவள் ‘முன்பல் அக்கா’. மெழுகில் செதுக்கி, பீங்கான் பொடியைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, உலையில் சுட்டு எடுத்தால், பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வராது.

இந்தப் பெயர் சும்மா வரவில்லை. கல்யாணமானபோது சொந்த ஊரில் இருந்த வேலையை உதறிவிட்டு இந்த நகரத்துக்கு வந்தாள். அப்போதும் காரணம் அவனுடைய வேலைதான். இங்கே யாருக்கும் அவள் கைத்திறன் தெரியாது. இரண்டு வருடம் வீட்டில் சும்மா கிடந்து, பிறகு அச்சுக்குப் பிளாஸ்டர் கரைப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அந்த இரண்டு வருடத்தை அவன் “நீ ரெஸ்ட் எடுத்தியே அப்போ” என்று நினைவு வைத்திருந்தான்.

“ஒரு தடவை ஊரைப் பாரு. பாத்துட்டுப் பேசு,” என்றான். நியாயமாகப் பட்டது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அவனோடு கிளம்பினாள்.

அவன் பார்த்து வைத்திருந்த வீடு நன்றாக இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய ஜன்னல்கள், நாள் முழுக்க வெளிச்சம், துணி காயப்போட இடம். ஒரு குறை சொல்லலாம் என்று குழாயைத் திறந்தாள். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

“நம்ம தண்ணி,” என்றான் அவன் பெருமையாக.

பிறகு, “உனக்கு ஒரு சர்ப்ரைஸ்,” என்று சொல்லி ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான். கடைத்தெருவில், செருப்புக் கடைக்கு மாடியில் இருந்தது அந்த கிளினிக். மருத்துவர் தங்கமான மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, “சார் எல்லாம் சொன்னாரு. ஒண்ணாம் தேதியே சேந்துக்கலாம். போன் எடுக்கணும், பேஷண்டுக்கு டைம் குடுக்கணும், அவ்வளவுதான்,” என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. “நான் பல் செய்யறவ, டாக்டர்.”

“அதான் சார் சொன்னாரே, பல் லைன்னு!”

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த பல் துலக்கும் முறை அட்டையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். வாசல் பெஞ்சில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் காத்திருந்தார். கையால் வாயை மூடிக்கொண்டே “உள்ள போலாமாம்மா?” என்று கேட்டார். விரல் இடுக்கில் அவள் பார்த்துவிட்டாள். முன்பல் ஒன்று சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக நின்றது.

“எப்ப வச்சாங்க?”

“ஆறு மாசமாச்சு. கிளாஸ்ல சிரிக்கறதையே விட்டுட்டேன். பசங்க பல்பு மிஸ்னு கூப்பிடறாங்க.”

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மருத்துவரிடம் பல் நிறங்களை வரிசையாகக் கோத்த அட்டையை வாங்கினாள். டீச்சரை ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்தி, லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொன்னாள். மாதிரிப் பல்லை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். “டியூப் லைட்டுல பாத்திருப்பீங்க டாக்டர். வெளிச்சத்துல பாருங்க. இவங்க பல்லு நிறம் ஏ மூணு. நுனியில லேசா சாம்பல் ஓடுது. அச்சு எடுத்து எங்க லேபுக்கு அனுப்புங்க, நானே செய்யறேன்.”

மருத்துவர் அசந்துபோனார். “நீங்க ஏன் போன் எடுக்கணும்? இங்கயே ஒரு லேப் போடுங்களேன்! நாங்க மூணு டாக்டர் இருக்கோம்.”

“மாசத்துக்கு எத்தனை முன்பல் வரும் டாக்டர்?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “நாலு… எல்லாரும் சேந்து ஒரு ஏழு.”

ஏழு. அவள் ஒரு நாளில் தொடுகிற எண்ணிக்கை.

ஆனால் கணவனுக்கு அந்த ஏழு காதில் ஏறவே இல்லை. படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான். லேபுக்கு அந்த வீட்டின் பின்னறை போதும். உலையை ஜன்னலோரம் வைக்கலாம். பேர்ப்பலகைக்கு அவனுடைய நிலையத்து வெல்டர் இருக்கிறார். “நான் சொன்னேன்ல? எல்லாம் தானா அமையும்னு சொன்னேன்ல?”

காலி வீட்டுக்குத் திரும்பியதும் அவள் வெடித்தாள்.

“எதுவும் தானா அமையலைங்க! எல்லாத்தையும் நீங்கதான் அமைச்சீங்க. வீட்டைக் காலி பண்ணீங்க, இங்க வீடு பிடிச்சீங்க, எனக்கு வேலை பிடிச்சீங்க, இப்ப கடையே வச்சுட்டீங்க. இதுல நான் எங்க இருக்கேன்?”

“எல்லாம் உனக்காகத்தானே செய்யறேன்!”

“எனக்காகன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“கேட்டா நீ மாட்டேன்னுதானே சொல்லுவ?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. காலி அறையில் குரல் வேறு கணகணவென்று எதிரொலித்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலிகூட இல்லாத வீடு. “பதினோரு வருஷம்டி,” என்றான். “அந்த பம்ப் சத்தத்துல பாதிக் காது போச்சு. ஒரு தடவை எனக்கு ஒரு நல்லது நடக்குது. தனியா போய் அதைக் கொண்டாடச் சொல்றியா?”

அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம், அவன் பாவமாக உட்கார்ந்ததும் தன் கோபம் தன் கையை விட்டு நழுவுகிறதே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. எப்போதும் இப்படித்தான் ஆகிவிடுகிறது.

“நீங்க போங்க. போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல,” என்றாள். “நான் வரல. ஒரு வருஷம் பாப்போம். மறுபடி பிளாஸ்டர் கரைக்க என்னால ஆகாது.”

“ஊர் என்ன சொல்லும்?”

“ஊருக்குத்தான் நீங்க முன்னாடியே எல்லாம் சொல்லிட்டீங்களே. இதையும் நீங்களே சொல்லிடுங்க. முதல்ல வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடுங்க.”

அவன் போட்டான். “அம்மா… அந்த வீட்டு விஷயம்… இல்ல, காலி பண்ணல… ஆமா… இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல…” நெற்றியில் வியர்வை. அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா விட்ட டோஸ் அவள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

பஸ்ஸில் திரும்பி வருகிற ஒன்பது மணி நேரமும் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். அடுத்த இரண்டு வாரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பெட்டி கட்டினான். சட்டைகளைத் தப்பாக மடித்தான். அவள் பிரித்து மறுபடி மடித்துக் கொடுத்தாள். கிளம்புகிற அன்று பஸ் நிலையத்தில், “சாப்பிட்டுக்கோ,” என்று மட்டும் சொன்னான். அவளும் “நீங்களும்” என்றாள். பஸ் நகர்ந்த பிறகு அவனுடைய கை ஜன்னலுக்கு வெளியே வந்தது. கும்பலில் அவள் கையாட்டியது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள். வடிகட்டியைக் காணவில்லை. தட்டுகளுக்குக் கீழே, சின்க்குக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டு அவனுக்குப் போன் செய்தாள்.

“வடிகட்டியை நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?”

“அங்க ஒண்ணுமே இல்லையே, அதான்.”

“இங்க நான் இருக்கேன்ல?”

“அடடா,” என்றான் பஸ் இரைச்சலுக்கு நடுவே. “யோசிக்கலடி. கேட்டிருக்கணும்.”

“ஆமா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். டீ அதற்குள் ஆடை கட்டிவிட்டது. அதைச் சின்க்கில் கொட்டிவிட்டு, புது வடிகட்டி வாங்கச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.