எலும்புக்கு யார் கவர் கொடுப்பது?

கான்ட்ராக்டர் தளவாய் எந்த ஆபீஸ் வாசலையும் வெறுங்கையோடு மிதித்ததில்லை. கையில் ஒரு அல்வாப் பொட்டலம், அதற்கடியில் ஒரு கவர். காரியம் கையோடு முடிந்துவிடும். அன்று பாளையங்கோட்டையில் பல் டாக்டர் விஜயஸ்ரீயின் மேசையிலும் அதே பொட்டலத்தைத்தான் வைத்தார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல்லைப் பறிகொடுத்தவர் தளவாய். தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டும் வைத்தியம் தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலிக்குப் புதிது. அவருக்குத் திருகு பதித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் சமாளிக்கக் கொடுத்த கழற்றி மாட்டும் பல், வாயைத் திறந்தாலே நழுவியது. வெள்ளிக்கிழமையோ, ஆழ்வார்திருநகரிப் பக்கம் அவர் கட்டிய பள்ளிக்கூடத்துக்குத் திறப்பு விழா. மந்திரி பக்கத்தில் பொக்கைவாயோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வதா?

“டாக்டரம்மா, வெள்ளிக்கெழமைக்குள்ள நெலையான பல்லை மாட்டித் தந்துருங்க.”

விஜயஸ்ரீ ஒரு சின்ன உலோகத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். “இதுக்குப் பேரு அபட்மென்ட், அண்ணாச்சி. எலும்புல இருக்க திருகுக்கும் மேல வார பல்லுக்கும் நடுவுல நிக்குத தூணு. திருகை எலும்பு இறுகப் பிடிச்ச பொறவுதான் இதை மாட்டணும். இன்னும் நாலு மாசம் ஆவும். இப்பமே பாரத்தை ஏத்துனா திருகே ஆடிப்போவும்.”

தளவாய் பொட்டலத்தைப் பைய நகர்த்தினார். “கொஞ்சம் பாத்துச் செய்ங்கம்மா.”

டாக்டர் கவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எனக்குத் தாரீய, சரி. எலும்புக்கு யாரு கவர் குடுக்கது? அது இறுகுத நேரத்துலதான் இறுகும்.”

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது தளவாய்க்கு. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கடுகடுவென்று பள்ளிக்கூடத்துக்கு வண்டியை விட்டார். கடைசி வகுப்பறைக்குக் கூரைக் காங்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை; அதைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையும் முட்டும் அப்படியே நின்றன. கொத்தனார் குற்றாலலிங்கம் ஓடிவந்தார்.

“மொதலாளி, எஞ்சினியர் கையெழுத்துப் போட்டுட்டாரு. சென்ட்ரிங்கைப் பிரிச்சிருவமா? விழாவுக்கு வெள்ளையடிக்கணும்லா.”

அந்தக் கையெழுத்துக்கும் ஒரு பொட்டலம் போயிருந்தது. தளவாய் அண்ணாந்து பார்த்தார். கூரை இன்னும் ஈரம் காயவில்லை. விழா முடிந்த மறுநாளே அதற்குக் கீழே பிள்ளைகள் வந்து உட்காரும். ‘அது இறுகுத நேரத்துலதான் இறுகும்’ என்று டாக்டர் சொன்னது அவர் காதில் மறுபடி கேட்டது.

“பிரிக்காதலே! அது நல்லா இறுகட்டும். விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லுதேன்.”

“பெரிய எடத்துல கோவிச்சுக்கிடுவாவளே. அடுத்த வேலை கெடைக்காது மொதலாளி!”

“கெடைக்காட்டா போவுது.”

கிடைக்கத்தான் இல்லை. அடுத்த கான்ட்ராக்ட் வேறொருவர் கைக்குப் போனது. ஆனால் ஐப்பசி அடைமழையில் அந்த வகுப்பறைக்குள் பிள்ளைகள் நிம்மதியாகப் பாடம் படித்தார்கள்.

சொன்ன காலம் கழிந்ததும் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அபட்மென்டை மாட்டினார். பிறகு அதன்மேல் பல்லும் ஏறியது. கண்ணாடியில் பார்த்த தளவாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து கைகூப்பினார்.

“இந்தப் பல்லுக்கு மட்டும் நன்றி சொல்லலம்மா. அன்னைக்கு நீங்க கவரை வாங்கியிருந்தா, நான் பள்ளிக்கூடத்துச் சென்ட்ரிங்கைப் பிரிச்சிருப்பேன். அந்தப் பிள்ளையளுக்காவவும் கும்பிடுதேன். காசு குடுத்தா கையெழுத்துதான் கெடைக்கும், உறுதி கெடைக்காது. வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு இருந்தா போதும்மா, ஊரு பொழச்சுக்கிடும்.”