மூணாவது கிரே டிப்போ

கிரே டிப்போங்கற கம்ப்யூட்டர் கேமோட மூணு பாகத்துலயும் மூணாவதுதான் ஒசத்தி. இதை நான் சோமனூர் சந்தை நடுவுல நின்னுகூடச் சொல்லுவேன். இன்டர்நெட்டுல ஒருத்தன் முதல் பாகம்தான் உசுருன்னு நாப்பது நிமிசம் பேசி வீடியோ போட்டிருக்கான். இன்னொருத்தன் ரெண்டாம் பாகத்துக்கு மேல எதுவும் வரப்போறதில்லைங்கறான். அவனுக மூணையும் முழுசா ஆடியிருப்பானுகளாங்கறதே எனக்குச் சந்தேகம். நான் ஆடியிருக்கேன், அதுவும் ஒருக்கா இல்லை.

என் பேரு மோகனப்பிரியா. ஊட்டுக்குப் பின்னால எங்க தறிக்குடோன், பன்னெண்டு தறி ஓடுது. தறியை என்ற ஊட்டுக்காரர் தம்பிதுரை பாக்கறாரு, நூல் வாங்கறதும் துணி அனுப்பறதும் நான். பொம்பளை போயி துப்பாக்கி கேம் ஆடறாளான்னு சொந்தக்காரங்க வாயைப் பொளப்பாங்க. பொளக்கட்டும், அவங்க டிவி சீரியலைப் பாத்து நான் ஏதாவது சொன்னேனா?

கேம் என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிப்போடறேன். ஆளோட உருவம் தெரியாது. நம்ம கண்ணாலயே பாக்கற மாதிரி, திரையில துப்பாக்கியும் ரெண்டு கையும் மட்டும் தெரியும். யாரும் இல்லாம உட்டுப்போன ஒரு சரக்கு ரயில் டிப்போ, அதுக்கு ரெண்டு காவக்காரங்க. ஒருத்தர் முன்னால போனா இன்னொருத்தர் பொடனியைக் காக்கணும். ஒருத்தர் விழுந்தா மத்தவர் ஓடிவந்து தூக்கிவிடணும். ரெண்டு பேரும் விழுந்தா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

முதல் பாகம் எங்க ஊட்டுக்கு வந்தது கூலிப் பிரச்சினையில தறியெல்லாம் நின்னுபோன வருசம். கருமத்தம்பட்டியில ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு, இவரு இந்த கேம் போட்டிருந்த ரெண்டு கம்ப்யூட்டரை வாங்கி டெம்போவுல ஏத்தியாந்தாரு. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆகியிருந்துச்சு. அதுவரைக்கும் நாங்க ஒண்ணா ஒக்காந்து ஒரு மணி நேரம் பேசியிருப்பமான்னா இல்லைங்க. தறி ஓடற ஊட்டுல பேச்சுக்கு எங்க எடம்? தறி நின்ன அந்த ஒன்றரை மாசம்தான் எனக்குப் புருசன்னா என்னன்னு தெரிஞ்சுது. இவரு முன்னால போவாரு, நான் பின்னால. செவப்புச் சட்டை போட்ட எதிரிக கத்திக்கிட்டு நேரா ஓடியாருவானுக, பன்னிக்கூட்டம் மாதிரி. அறிவே கெடையாது அவனுகளுக்கு. படமும் அப்பிடித்தான், மரத்தைப் பாத்தா பச்சைப் பெயின்ட் அடிச்ச தூண் மாதிரி இருக்கும். இருந்தும் சிரிச்சு சிரிச்சு வவுறு வலிச்சுப்போச்சு. நான் விழுந்தா, "அம்மணி, அங்கயே கெட, வாரேன்"னு ஓடியாருவாரு. நெசத்துல அப்பிடி ஒருத்தர் எனக்காக ஓடிவந்து அதுவரைக்கும் நான் பாத்ததில்லை.

அதனால முதல் பாகத்தை நான் கொறை சொல்லமாட்டேன். ஆனா கேமுன்னு பாத்தா அது சாதாரணம்தான். எனக்குப் பிடிச்சது கேமா பக்கத்துச் சேர்ல இருந்த ஆளான்னு கேட்டா, ஆளுதான்.

ரெண்டாம் பாகம் வந்து மூணு வருசமாச்சு. அது வேற சாதி கேமுங்க. முழுக்க இருட்டு. டிப்போவுக்கு அடியில சுரங்கம், அதுக்குள்ள எதிரி எங்க இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது. காதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். தண்ணியில கால் வெச்சா ஒரு சத்தம், சல்லிக்கல்லுல வெச்சா ஒரு சத்தம், அவன் துப்பாக்கியில குண்டு மாத்தற சத்தம் இடப்பக்கம் கேட்டா நாம வலப்பக்கமா ஒதுங்கணும். நான் ஹெட்போனைப் போட்ட மொத நாளே சொக்கிப்போயிட்டேன். இப்பிடி ஒண்ணைச் செய்ய எவ்வளவு மூளை வேணும்!

இவரு என்னடான்னா, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா செத்தாரு. நான் இடது இடதுன்னு கத்துனா வலது பக்கம் போயி நிப்பாரு. நாலு ஞாயித்துக்கெழமை பாத்தாரு. அஞ்சாவது வாரம் ஹெட்போனைக் கழட்டி மேசையில வெச்சுப்போட்டு, இது மட்டமான கேமு, எனக்கு வேண்டாம்னு எந்திரிச்சுப் போனவருதான். அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமை ஆனா பேக்கரிக்குப் போயிருவாரு. நான் கூப்பிட்டுப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன், ரெண்டு நாள் பேசாமக்கூட இருந்து பாத்தேன். சிரிச்சுப்போட்டுத் தலையை ஆட்டுவாரே ஒழிய வந்து ஒக்காரலை.

நான் இன்டர்நெட்டுல கெடைச்ச யாஸ்மின்கூடச் சேந்து ஆடினேன். பெருந்துறையில ஒரு கம்பெனி ஆபீசுல வேலை பாக்கற புள்ளை, குறி வெச்சா தப்பாது. நல்ல கூட்டாளிதான். ஆனா பக்கத்துச் சேரு காலியா இருக்கும். அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரே நெனப்பு, இந்த மனுசனுக்கு நான் சலிச்சுப்போயிட்டேன்னு. கேமு மட்டம்னா வேற கேமு போடுன்னு சொல்லலாமே, அதைக்கூடச் சொல்லலையே. வெளிய யாருகிட்டயும் இதைச் சொல்ல முடியாது. புருசன் எங்கூடத் துப்பாக்கி கேம் ஆட வரமாட்டேங்கறாருன்னு எங்கம்மாகிட்டப் போயி அழ முடியுமா? ஆனா உள்ளுக்குள்ள அழுதேன், மூணு வருசம்.

போன மாசம் மூணாம் பாகம் வந்துச்சு. ஒரு வாரம் தனியா ஆடிப்பாத்தேன். முதல் பாகத்துல இருந்த கலகலப்பும் இருந்துச்சு, ரெண்டாம் பாகத்துல இருந்த மூளையும் இருந்துச்சு. கடலோரத்துல உப்பளம், பகல் வெளிச்சம், எதிரிக ஒருத்தனுக்கொருத்தன் சைகை காட்டிச் சுத்தி வளைப்பானுக. வில்லன்தான் கொஞ்சம் ஏகத்துக்குப் பேசறான், அவனைக் கதைக்கு நடுவுலயே சுட்டுப்போடலாமான்னு இருந்துச்சு. மத்தபடி கண்ணுல ஒத்திக்கலாம். இதை ரெண்டு பேரு ஆடணும், அதுவும் இவருகூட ஆடணும்னு எனக்கு வெறியே வந்துருச்சு.

ஞாயித்துக்கெழமை, தறி லீவு. காத்தால இட்லி சாப்புட்டு முடிச்சு இவரு செருப்பைத் தேடறப்ப வாசல்ல போயி மறிச்சேன். பத்து நிமிசம் ஒக்காருங்க, பிடிக்கலைன்னா ரெண்டு கம்ப்யூட்டரையும் வித்துப்போடறேன், அதுக்கப்பறம் உங்களைக் கூப்பிடவே மாட்டேன்னு சொன்னேன். எனக்குக் கோவம் வந்தா அது எங்க தெருவுக்கே தெரியும். இவரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் வந்து ஒக்காந்தாரு.

ரெண்டு நிமிசத்துல செத்தாரு. தூக்கிவிட்டேன். மறுபடி செத்தாரு. பின்னால வரான் பின்னால வரான்னு தொண்டை கிழியக் கத்தறேன், இவரு நேராப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. வேணும்னே பண்றாருன்னு எனக்குத் தலைக்கேறிருச்சு. ஹெட்போன் சரியில்லையோ என்ன கெரகமோன்னு, அதை வெடுக்குனு புடுங்கி என் காதுல வெச்சேன்.

காது சுரீர்னுச்சு, உடனே கழட்டிட்டேன். சத்தம் அத்தனையும் முழுசா ஏத்தி வெச்சிருந்துச்சு. எதிரியோட காலடி ஒண்ணொண்ணும் மண்டைக்குள்ள ஆணி அடிக்குது. அதைப் போட்டுக்கிட்டு ஒரு மனுசனுக்கு காலடி கேக்கலைன்னா என்ன அர்த்தம்?

அவரு என்னை ஒருக்கா பாத்துப்போட்டு மறுபடி திரையைப் பாக்க ஆரம்பிச்சாரு. நான் எந்திரிச்சு அவரு முதுகுக்குப் பின்னால நின்னு, சாதாரணமாப் பேசற மாதிரி, காப்பி வெக்கட்டுங்களான்னு கேட்டேன். பதில் இல்லை. அப்பறம், "ஏனுங்க, நான் ஊட்டை உட்டே போறேனுங்க"ன்னு சொன்னேன்.

அவரு என்னமோ தோணித் திரும்பினாரு. என் வாய் மூடியிருந்துச்சு. நான் ஏதோ சொல்லி முடிச்சிருக்கேன்னு நெனைச்சு, சிரிச்சுக்கிட்டே செரின்னு தலையாட்டினாரு.

அப்பிடியே கீழ ஒக்காந்துட்டேனுங்க. எங்க ஊர்ல யாரும் முதுகைப் பாத்துப் பேசமாட்டோம். தறிச் சத்தத்துல பேசிப் பழகி, ஊட்டுக்குள்ளயும் மூஞ்சிக்கு நேரா, வாயைப் பெருசாத் தொறந்துதான் பேசுவோம். இவரு என் வாயைப் பாத்தே குடும்பம் நடத்தியிருக்காரு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்காமப் பேசற ஒரே எடம் இந்த ரெண்டு சேருதான். ரெண்டு பேரும் திரையைப் பாக்கணும், பேச்சைக் காதுல வாங்கணும். அங்கதான் மாட்டியிருக்காரு. எனக்கு எங்க புரிஞ்சுது? சலிச்சுப்போச்சுன்னு நெனைச்சேன். என்னைச் செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

நான் அழறதைப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எதித்தாப்புல வந்து ஒக்காந்தாரு. ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.

"ரெண்டாவது கேமு வந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, அம்மணி. நீ கேக்குது கேக்குதுங்கறே, எனக்கு ஒண்ணுமே கேக்கலை. உங்கிட்டச் சொன்னா அப்பறம் நீ எங்கூட ஆடமாட்டே, எனக்காக ஆடுவே. அதான் கேமு மட்டம்னு சொல்லிப்போட்டேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு நாலு போடு போட்டேன், தோள்ல. வாங்கிக்கிட்டாரு. கோயமுத்தூர்ல காது டாக்டரைப் பாக்க வரணும்னேன், வாரேன்னாரு. அப்பறம்தான் எனக்கு மொத நாள் ஞாபகம் வந்துச்சு. மூணாம் பாகத்தைத் தொறந்ததும், பேரு கேக்கறதுக்கு முந்தியே அது ஒரு கேள்வி கேட்டுச்சு, சத்தத்தைக் கண்ணால பாக்கணுமான்னு. யாருக்கு வேணும் அதெல்லாம்னு தள்ளிவிட்டுட்டுப் போயிருந்தேன்.

கண்ணைத் தொடச்சுக்கிட்டு அவரு கம்ப்யூட்டர்ல அதைப் போட்டு உட்டேன். அதைச் சொல்றதுக்குத்தான் இத்தனையும் சொல்றேன். திரையோட ஓரத்துல, சத்தம் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் மெல்லிசா வளைவு வருது. தூரத்துக் காலடின்னா நூல் கணக்கா, பக்கத்துல வந்தா தடிமனா. சுடற சத்தம் செவப்பு, நடக்கற சத்தம் வெள்ளை. கூட்டாளி மைக்குல பேசினா அவ இருக்கற பக்கம் மஞ்சள். இந்த வீடியோ போடறவனுக எவனும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. ஒளிஞ்சுக்கற எடம் கொறைஞ்சுபோச்சாம், துப்பாக்கி வகை பத்தலையாம். போங்கடா.

இவரு மொதல்ல தடுமாறினாரு. அப்பறம் பாருங்க, தறியில பாவு நூல் ஆயிரக்கணக்குல ஓடறப்ப ஒண்ணு அறுந்தா கண்ணு அங்க போற ஆளாச்சே! எனக்குக் காலடி கேக்கறதுக்கு முந்தியே அவரு வளைவைப் பாத்துப்போட்டாரு. உப்புக் குவியலுக்குப் பின்னால ஒளிஞ்சு வந்த மூணு பேரை நான் திரும்பறதுக்குள்ள சாச்சுப்போட்டாரு. நான் விழுந்தேன். முதுகு நிமுந்து, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, அவ்வளவு பேருக்கு நடுவுல ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டாரு. இதை யோசிச்சுச் செஞ்சவன் எந்த ஊர்க்காரனோ, அவனும் அவன் குடும்பமும் நல்லா இருக்கட்டும். முதல் பாகம் எங்களைச் சிரிக்க வெச்சுது. ரெண்டாம் பாகம் என்னை மட்டும் கூட்டிக்கிட்டு இவரை உட்டுட்டுப் போச்சு. மூணாவது ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. இதுக்கு மேல ஒரு கேமுக்கு என்ன மார்க் போடறது?

மத்தியானச் சோறு வெக்கலை. உப்பளத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கத்து அடியில போயி நின்னோம். சுத்தி யாருமில்லை, கடல் மட்டும். எனக்கு மறுபடி அழுகை வந்துச்சு. திரையைப் பாத்துக்கிட்டே, யாருக்கும் இல்லாம, எனக்கு நானே என்னமோ முணுமுணுத்தேன்.

அவரு மவுசை வெச்சுப்போட்டுத் திரும்பினாரு. அவரு திரையில மஞ்சள் வளைவு ஒண்ணு மெல்ல மறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"என்னமோ சொன்னே. எனக்குக் கேக்கலை. இன்னொருக்கா சொல்லு."

மூணு வருசத்துல இன்னொருக்கா சொல்லுங்கற வார்த்தை அவரு வாயில வந்ததே இல்லைங்க. சேரைத் திருப்பி அவரு மூஞ்சிக்கு நேரா ஒக்காந்தேன். நீங்க இல்லாம நான் நெம்பத் தவிச்சுப்போட்டேன்னு, வாயை நல்லாத் தொறந்து, மெதுவாச் சொன்னேன்.